மூன்றாவது கத்தல்

கிறிஸ்துமஸ் கறிக்கென்று வாங்கிய வான்கோழியை அறுக்க மனம் வராமல் வளர்த்தோம். எந்தச் சத்தம் கேட்டாலும் பதிலுக்குக் கத்தும்: மாதா கோயில் மணி, மில் பஸ் ஹாரன், என் தும்மல். அம்மாவுக்குக் காது மந்தம். அவள் கொல்லையில் மல்லிகை பறிக்கும்போது, உள்ளே குக்கர் விசிலடித்தால் அவள் காலடியில் நிற்கும் வான்கோழி கத்தும். மூன்றாவது கத்தலுக்கு எழுந்துபோய் அடுப்பை அணைப்பாள்.

போன மாதம் அது வயதாகிச் செத்தது. தென்னைக்கு அடியில் குழி வெட்டினேன். "இம்புட்டுக் கறியவா மண்ணுக்குள்ள போடுறீக?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மண்வெட்டியும் கையுமாக நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தேன், போய்விட்டார். அம்மா மடியிலிருந்த மல்லிகையை அப்படியே குழிக்குள் கொட்டினாள்.

அதன்பிறகு தினமும் சோறு குழைந்தது. நானும் தும்மிவிட்டுச் சற்று நேரம் காத்திருக்கத் தொடங்கினேன். பதில் வராத அந்த நேரம் வீடு வேறு யாருடையதோபோல இருக்கும்.

நேற்று வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சோறு பொலபொலவென்று இருந்தது.

"யாரும்மா அடுப்ப அணைச்சது?" என்று உரக்கக் கேட்டேன்.

"நாந்தான்."

"விசில் எப்பிடிக் கேட்டுச்சு?"

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே தென்னைப் பக்கம் கைகாட்டினாள்.

"அதான் மூணு வாட்டி கத்துச்சுல்ல?"