டார்கஸ் வீட்டு மஞ்சள் பீக்கன்

டார்கஸைப்போல ஒரு வாயாடியை ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் பாடு தீவில் பார்க்க முடியாது. சிங்கிறால் பிடிக்கும் லாசாவின் மனைவி. கடலில் மாட்டிக்கொண்டால் அழுத்தி மீட்பு மையத்துக்கு சிக்னல் அனுப்புகிற மஞ்சள் பீக்கன் கருவியை உப்புப்போகத் துடைத்து, உறையில் போட்டு, படகின் முன்பக்கத்தில் அவளே மாட்டிவைப்பாள். அந்த மையத்தின் பதிவிலும் அவள் போன் நம்பர்தான். என்ன பிரயோசனம்? இங்கே யார் படகிலிருந்தும் யார் வேண்டுமானாலும் எதையும் எடுப்போம். சொந்தக்காரரிடம் கேட்டால்தான் அவமரியாதை! நல்ல வழக்கம்தான் போங்கள்.

அன்று மத்தியானம் அவள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கான்பெராவிலிருந்து மீட்பு மையத்துக்காரர்.

"உங்க பீக்கன் சிக்னல் வருதும்மா. படகு எங்க இருக்கு?"

"எங்க படகா? வாசல்ல நிக்குது. எம்புருசன் இங்கதான் குறட்டை விடுறான். உங்க மிசினுக்குத்தான் கோளாறு!" என்று சிரித்தாள்.

"எதுக்கும் உறையைப் பாத்துட்டு வாங்க."

போனவள் வெறும் உறையோடு திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இல்லைங்க. யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. விமானத்தை அனுப்புங்க ஐயா, நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க!"

"அனுப்பியாச்சு. யாரு போயிருக்காங்க? எத்தனை பேரு?"

அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். எந்தப் படகு இல்லை என்று பார்க்க இருவரும் கரைக்கு ஓடினோம். அவளுடைய தம்பி செட்ரிக்கின் படகைக் காணோம். அவன் வீட்டுக்கு ஓடும்போது நடுவழியில் மறுபடியும் போன்.

"கவிழ்ந்த படகு மேல ஒரு ஆம்பளை. ஹெலிகாப்டர்ல தூக்கியாச்சு. நினைவில்லை. கூட வேற யாரும் உண்டா? இல்லைன்னா தேடலை முடிச்சுக்குவோம்."

"முடிச்சிராதீங்க! கொஞ்சம் பொறுங்க!"

செட்ரிக் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவன் மனைவி நயோமியைக் கூப்பிட்டோம், பதில் இல்லை. பக்கத்து வீட்டில் இல்லை, கடையில் இல்லை. கொடியில் எப்போதும் தொங்கும் அவளுடைய முக்குளிக்கும் கண்ணாடியும் இல்லை. டார்கஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு பேரு!" என்று போனில் கத்தினாள். "ஒரு பொம்பளையும் இருக்கா. நயோமி. எங்க நயோமி. தேடுங்க ஐயா, உங்க காலைப் பிடிக்கிறேன்!"

பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. கரையில் உட்கார்ந்து கடலையே பார்த்தோம். நீரோட்டம் ஆளை வெளிக்கடலுக்கு இழுத்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பொழுது சாயும் நேரத்தில் காலி பெட்ரோல் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தவளைக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் செட்ரிக் இருந்தான், கண் விழித்துவிட்டான். நயோமியின் உதடு வெடித்திருந்தது.

"மைனி, பீக்கனை எடுத்தது நான்தான். சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க அசந்து தூங்குனீங்க, எழுப்ப மனசு வரல."

"எழுப்பித் தொலைச்சிருக்கலாம்ல, பாவி மகளே!" டார்கஸ் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "நீ போனதே தெரியாம, யாருமில்லை முடிச்சுக்கோங்கன்னு நான் சொல்லியிருந்தா என்னடி ஆயிருக்கும்!"