பதிவேட்டில் நான் கைம்பெண்

யுத்தம் முடிந்த சமயம், திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிக்குள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கூடத்தில் எல்லோரும் பெண்கள். மேற்பார்வைக்கும் ஒரு பெண்தான். அந்த மேற்பார்வை வேலையில் இருந்த இரண்டு பேர் அடுத்தடுத்துப் பிள்ளை பெறப் போய்விட்டதால், இனிமேல் அது கைம்பெண்ணுக்கு மட்டும் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். எந்த மகாராஜன் மூளையில் உதித்ததோ தெரியாது.

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. யார் கை எங்கே தடுமாறுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஆனால் எனக்குப் புருஷன் இருந்தார், துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு, கல் மாதிரி. போய்த்தான் பார்ப்போமே என்று குமாஸ்தா முன்னால் நின்றேன்.

பொறி பறக்கும் என்று வளையல், மெட்டி எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றிவிடுவோம். தாலியை மட்டும் துணி சுற்றி ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளலாம். அதனால் வெறுங்கை எல்லோருக்கும் உண்டு. நாங்கள் ராயபுரத்து மாதா கோயில்காரர்கள், பொட்டு வைப்பதில்லை. குமாஸ்தா என் நெற்றியைப் பார்த்தார். "பாவம்" என்று சொல்லிவிட்டுக் கேட்காமலே எழுதினார். கன்னியாஸ்திரிகளிடம் எட்டாவது வரை படித்தவள் நான். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகவே படித்தேன். கைம்பெண். வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் சொன்னதும் அவர் சிரித்தார். "அப்போ நான் பூட்டேனா? பூட்டவனுக்கு இன்னாத்துக்கு வெறும் ரசம்? மீன் கொயம்பு ஊத்து."

சனிக்கிழமைகளில் தொழிற்சாலை வாசலுக்கே வந்து என்னை அழைத்துப்போகிறவர், அதற்குப் பிறகு ரயிலடியோடு நின்றுகொண்டார். எங்கள் கல்மண்டபம் பகுதியிலிருந்து என்னோடு வேலைக்கு வந்த நாலு பேருக்கு விஷயம் தெரியும். ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

ஐந்து வருஷம் அந்தக் கூடத்தை நான் நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன். மசக்கைக்காரியைத் தீக்குச்சி மருந்தின் நெடியிலிருந்து தள்ளி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். உண்டானது தெரிந்தால் சீட்டுக் கிழியும் என்று வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தவளைத் திட்டி அவிழ்க்கச் சொன்னேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதுவும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று என்று நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்ததற்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது, லீவு சீட்டில் என்ன எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. அண்ணன் இறந்துவிட்டார் என்று எழுதி அனுப்பினேன். அண்ணனுக்கு இரண்டு நாள் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். வாசலில் பெண்களைச் சோதனை போட ஒரு ஆயா உண்டு. தினமும் என் கழுத்தருகே விரலை வைத்து, துணி சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விடுவாள். ஐந்து வருஷமாக என் தாலி அவள் விரலுக்குத் தெரியும். ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றும் விரலை வைத்தாள். தடவினாள். மறுபடி தடவினாள். அவள் கை என் கழுத்திலேயே நின்றுவிட்டது.

"அண்ணன்னு சொன்னாங்களே" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மணி அடிக்கப் போவுது. உள்ள போ கண்ணு."

போனேன். வராதவர்கள் யார் என்று பார்த்து, காலியான இடங்களுக்கு ஆள் மாற்றினேன். பத்து மணிக்குக் குமாஸ்தா பதிவேட்டோடு வந்தார். துக்கம் விசாரித்தார். என் பெயர் இருந்த பக்கம் திறந்தேதான் கிடந்தது. அதில் மாற்ற ஒன்றுமில்லை.