கோபால் நட்ட எல்லைக்கல்

சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கும் கோபாலின் ஆறு மாதக் குழந்தையை அடையாற்றங்கரைப் புறம்போக்கில் புதைத்திருந்தார்கள். 1971இல் அந்த நிலத்தை மனைகளாகப் பிரிக்க அளந்தார்கள்.

"சார், எம் பொண்ணு இங்கதான் கீது. படத்துல ஒரு புள்ளி வையி சார்."

சர்வேயர் மாணிக்கவாசகம் படத்தை மடக்கினார். "மேல ஒரு கல்லுகூட இல்லாத இடத்துக்கு எப்படிப்பா குறி போடுறது?"

எல்லைக்கோடு குழந்தையைப் புதைத்த இடத்திலிருந்து பதினோரு அடி தள்ளிப் போனது. அங்கே கல்லைக் கோபாலே நட்டான்.

புதைத்த அன்று பெண்களை யாரும் அழைத்துப் போகவில்லை. கல் நட்ட அன்று மதியம் சோறு கொண்டுவந்த மனைவி அங்காளம்மாள் கல்லைக் கண்டு நின்றாள்.

"நம்ம கொயந்தைக்கா இந்தக் கல்லு?"

கோபால் ஆமாம் என்றான். அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த வருடம் குழந்தை கிடந்த இடத்தில் யாரோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். அங்காளம்மாள் கல்லுக்குப் பூ வைத்தாள். கோபால் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.