ஜன்னலுக்குக் கீழே ஒரு தோட்டம்

பூந்தோட்டம் போடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீடு திரும்பி, அவளை ஹாலுக்குப் பக்கத்து அறையில் படுக்க வைத்த பிறகு எனக்குச் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. மாத்திரைகளை அவள் அம்மா கொடுத்தாள். கால்களை மடக்கி நீட்டிவிட பிசியோதெரபிஸ்ட் வந்துபோனார். நான் ஷிப்ட் முடிந்து வந்து அறை வாசலில் நிற்பேன்.

"உள்ள வாங்கப்பா, டிக்கெட்டெல்லாம் வேணாம்" என்பாள்.

அப்போது அவள் ப்ளஸ் டூ. டியூஷனுக்குச் சைக்கிளில் போனவளை மூக்கண்டப்பள்ளி சர்வீஸ் ரோட்டில் ஒரு டெம்போ பின்னாலிருந்து தட்டிவிட்டது. முதுகெலும்பில் அடி. பெங்களூரில் ஆபரேஷன் ஆயிற்று. நடப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர், "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, பார்க்கலாம்" என்றார். நடக்க மாட்டாள் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். நடப்பாள் என்றிருந்தால் கோயிலுக்குப் போயிருப்பேன். பார்க்கலாம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அவள் அறை ஜன்னலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் கொஞ்சம் மண் கிடந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லியும் உடைந்த டைல்ஸும் கலந்த செம்மண். அதில்தான் தோட்டம். பூத்து முடிந்ததும் காய்ந்துபோகிற செடி எதுவும் வேண்டாம் என்பதில் நானும் மனைவியும் ஒரே முடிவாக இருந்தோம். பிடுங்கி எறிவதற்கான தெம்பு இருவருக்குமே இல்லை. ஒரு தடவை வைத்தால் வருஷா வருஷம் தானாகப் பூக்க வேண்டும். கோடை மழைக்கு மழை லில்லி, பனிக்காலத்துக்குச் செவ்வந்தியும் டிசம்பர் பூவும், நடுவில் ஓயாமல் கனகாம்பரம், ஜெர்பரா. ஒரு ஷிப்ட் இறங்கும்போது அடுத்த ஷிப்ட் மெஷினுக்கு வந்து நிற்க வேண்டும் அல்லவா, அப்படி.

தொழிற்சாலையில் லேஅவுட் போடுவதுதான் என் வேலை. புது மெஷின் வருவதற்கு முன்னால் அதன் அளவைத் தரையில் சாக்பீஸால் வரைவேன். ஆப்பரேட்டர் நிற்கப்போகிற இடத்தில் நானே நின்று, கை எட்டுகிறதா, மீட்டர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பேன். அதன் பிறகுதான் மெஷினை இறக்கச் சொல்வேன். வீட்டு மண்ணில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. மனைவியின் கோலமாவை எடுத்துக்கொண்டேன். எந்தச் செடி எங்கே, எவ்வளவு இடைவெளி என்று டேப் பிடித்துக் கோடு போட்டேன்.

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ்.

"ஏன் சார், சந்துல கோலம் போடறீங்க? மகாலட்சுமி சுவரு ஏறிக் குதிச்சு வரணுமா?"

"எந்தப் பக்கமா வந்தா என்னக்கா, வந்தாச் சரி" என்றாள் என் மனைவி.

உள்ளே மகள் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்புக்காகவே அன்று தேவைக்கு மேல் கோடு போட்டேன்.

வெளியே நின்றபடி ஜன்னல் வழியாக அவளிடம் அடிக்கடி கேட்பேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

"செவ்வந்தியக் கொஞ்சம் தள்ளி வைக்கவா?"

"தள்ளுங்க."

பாகலூர் ரோட்டு நர்சரியிலிருந்து செடிகள் வந்தன. பைகளைப் பிரிக்காமலேயே கோடுகளின் மேல் வரிசையாக வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடுவதாகத் திட்டம்.

அந்த ஞாயிறு காலை தலைக்குக் குளிப்பாட்ட அவளை வீல்சேரில் அவள் அம்மா தள்ளிக்கொண்டு போனாள். கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கிறது என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள். ஸ்பேனரை எடுத்து நட்டுகளை முடுக்கினேன். சத்தம் போய்விட்டதா என்று பார்க்க அதில் படுத்து அசைந்தேன். சத்தம் இல்லை. அப்படியே ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினேன்.

ஜன்னல் கம்பி. சுவரின் உச்சியில் பதித்திருந்த கண்ணாடித் துண்டுகள். பக்கத்து வீட்டு சிமெண்ட் ஷீட், ஒரு கேபிள் ஒயர், வானம். என் கோடுகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு செடியின் நுனிகூட இல்லை.

எழுந்திருக்கத் தோன்றாமல் படுத்திருந்தேன். ஈரத்தலையில் துண்டு சுற்றிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள்.

"என்னப்பா, என் சீட்டைப் புடிச்சிட்டீங்க?"

"நீ தோட்டத்தைப் பாத்ததே இல்லையாம்மா?"

"உங்க தலை தெரியும். குனிஞ்சீங்கன்னா அதுவும் தெரியாது."

"பின்ன ஏன் நல்லா இருக்குன்னு சொன்னே?"

"வேற என்ன சொல்றது? வேணாம்னா மறுபடியும் வாசல்ல வந்து நிப்பீங்க."

கட்டிலை உயர்த்தலாமா என்று அப்போதே போனில் பிசியோதெரபிஸ்டைக் கேட்டேன். வீல்சேர் உயரத்துக்கு இருந்தால்தான் அவள் தானாக நகர்ந்து உட்காரப் பழக முடியும் என்று மறுத்துவிட்டார். கட்டிலைத்தான் உயர்த்த முடியாது, செடியை உயர்த்தலாமே என்று மறுபடி நர்சரிக்கு ஓடினேன்.

"ரங்கூன் மல்லிக் கொடி எடுத்துட்டுப் போங்க சார். ஒரு தபா வெச்சாப் போதும். அடுத்த வருஷம் இந்நேரம் சுவரு மேல கொத்துக் கொத்தாப் பூக்கும்" என்றார் நர்சரிக்காரர்.

அதே சொற்களை வாங்கிக்கொண்டு வந்து மகளிடம் ஒப்பித்தேன். சாயங்காலம் வெள்ளையாக விரியும், பிறகு சிவப்பாக மாறும், படுத்தபடியே பார்க்கலாம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் இந்நேரமா?"

"ஆமாம்மா."

"அப்போ அடுத்த வருஷமும் நான் இங்கயேதான் படுத்திருப்பேன்னு பிளான் போட்டிருக்கீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. அவள் அம்மா சட்டென்று துண்டை அவிழ்த்து அவள் தலையைத் துவட்டத் தொடங்கினாள். முடி ஏற்கெனவே காய்ந்துவிட்டிருந்தது.

தாழ்வான செடிகளை நட்டால் படுத்தபடி அவள் பார்க்க முடியாது; அந்தச் சந்துக்குள் வீல்சேரும் நுழையாது. உயர ஏறுகிறதை நட்டால் அவள் எழமாட்டாள் என்று நானே எழுதிக் கொடுத்தது போலாகும். எத்தனையோ மெஷின்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்த எனக்கு, ஒரு செடியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கோலமாவை எறும்பு கொஞ்சம் தின்றது, மிச்சத்தை மழை கரைத்தது. "வாங்கினது பையிலயே காயுது, பாவம்" என்று மனைவி ஒருநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கனகாம்பரத்தையும் மற்றதையும் கிடைத்த இடத்தில் நட்டுவிட்டாள். ரங்கூன் மல்லியை மட்டும் அவள் தொடவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு அது சுவரோரம் சாய்ந்திருந்தது. நட மனம் வரவில்லை, சாகவிடவும் மனம் வரவில்லை. வேலைக்குப் போகும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவேன்.

செவ்வந்தி மொட்டு வைத்தது. மகள் இப்போது கட்டிலிலிருந்து வீல்சேருக்குப் பலகை வைத்து நகர்கிறாள், ஒருவர் பிடித்துக்கொண்டால். கால்களைப் பற்றி டாக்டர் இன்னும் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார்.

போன வாரம் ரங்கூன் மல்லியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பையைத் தூக்கினேன். வரவில்லை. குனிந்து பார்த்தேன். பையின் அடியைக் கிழித்துக்கொண்டு வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. நான் கவனிக்காத பக்கத்தில் ஒரு கொடி சுவரில் பாதி உயரம் ஏறியிருந்தது. இழுத்தால் அறுந்துவிடும்.

"அப்பா, தலை காணோம். அங்க என்ன பண்றீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். கொடியின் நுனியைக் கையில் பிடித்தபடி, எழுந்து நிற்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.