நிற்காத ஸ்டேஷன்

மகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகளை அரை நாள், பழைய யுத்தகாலத்துச் சுரங்கங்களைப் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள், துணைக்கு நாலைந்து பெற்றோர் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மனைவிக்கு அன்றைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தது முதல் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவன். காலை முறையை இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே நான் போவதென்று முடிவாயிற்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஆள் நான்.

பஸ்ஸில் ஏறும்போதே மகள் காதுக்குள் சொல்லிவிட்டாள்.

“அப்பா, நீங்கள் பின் சீட்டிலை இருங்கோ. ஆரும் பாத்தா பொஞ்சூர் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்.”

அவளுக்குப் பதினொரு வயது. என்னுடைய பிரெஞ்சு அவளுக்கு வெட்கம். எனக்கு அவள் சொன்னது பெரிய நிம்மதி.

ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டை. புல் மூடிய மண்மேடு ஒன்றின் கீழே கல்லால் கட்டிய சுரங்கங்கள். எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி தந்தார்கள். வழிகாட்டியாக வந்தவள் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கையில் டார்ச் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து பேசினாள். இங்கே வெடிமருந்து வைத்தார்கள், இங்கே ஆட்கள் படுத்தார்கள், இந்த ஓட்டை காற்று வருவதற்கு. சுவரில் ஈரம் கசிந்தது. கூரை தாழ்ந்த இடத்தில் பிள்ளைகளைக் குனியச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுரங்கத்தின் கடைசியில், நாங்கள் வந்த வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், ஓர் ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகக்கூடிய இரும்புக் கதவு ஒன்று இருந்தது. அதில் தட்டிக் காட்டி அவள் பிள்ளைகளைப் பார்த்து ஏதோ கேட்டாள். ஒருவன் சாப்பாடு கொண்டுவர என்றான். இன்னொருவன் கக்கூசுக்குப் போக என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

“இதுக்கு ஏன் ரெண்டு வாசல் எண்டு கேக்கிறா” என்று மகள் எனக்கு மொழிபெயர்த்தாள்.

எனக்கு விடை தெரியும்.

ஊரில், குண்டுக்குப் பயந்து பதுங்கும் எங்கள் வீட்டுப் பங்கருக்கும் இரண்டு வாசல் இருந்தது. அதை வெட்டியவர் மாமா, அம்மாவின் மூத்த அண்ணன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள் அவர் தகரப் பெட்டி ஒன்றோடும், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி திருப்பக்கூடிய கைவிளக்கு ஒன்றோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பா அப்போது சவூதியில். ஆண் துணையில்லாத வீடு என்று வந்திருக்கிறார் என நினைத்தேன். மாமா ரயில்வேயில் வேலை செய்தவர். தண்டவாளத்தின் வழியே மைல்கணக்கில் நடந்து, கழன்ற ஆணிகளைத் தட்டி இறுக்குவது அவர் வேலை. கோச்சி என்றுதான் எங்கள் பக்கத்தில் ரயிலைச் சொல்வோம். யுத்தத்தில் கோச்சி நின்றுபோய்விட்டது. அது ஓடி நான் பார்த்த ஞாபகமே இல்லை.

வந்த கிழமையே மாமா எங்கள் பழைய பங்கரைப் பார்த்துவிட்டு, இது சரிவராது என்றார். ஊரில் எல்லோரும் தண்டவாளத்தின் அடியில் கிடந்த சிலிப்பர் கட்டைகளைக் கழற்றிக்கொண்டுவந்து பங்கருக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவும் போனார். இத்தனை வருடம் தான் ஆணி இறுக்கிய லைனில் இருந்து தானே கட்டைகளைக் கழற்றி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டைகளில் கறுப்பாக ஒரு நெய் ஊறியிருந்தது. அந்த மணம் எனக்குப் பிடித்திருந்தது. கோச்சியின் மணம் அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் இரண்டு நாளில் வெட்டிய பங்கரை மாமா ஒரு கிழமை வெட்டினார். ஒரு பக்கம் படி இறக்கி முடித்த பிறகு, மறுபக்கத்தில் இன்னொரு வாசல் வெட்டத் தொடங்கினார். முன்வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் ஆண்கள் இல்லாததால் எங்கள் பங்கருக்குத்தான் அவளும் தன் இரண்டு பெட்டைப் பிள்ளைகளோடு வருவாள்.

“வீட்டுக்கே ஒரு கதவுதான் ஒழுங்காப் பூட்டுது. பங்கருக்கு முன்வாசல் பின்வாசல் கேக்குதோ அண்ணை?”

“கோச்சி எண்டா ஏற ஒண்டு, இறங்க ஒண்டு வேணும் பிள்ளை” என்றார் மாமா, மண்வெட்டியை நிறுத்தாமல்.

அப்படித்தான் எங்கள் பங்கர் கோச்சியானது. குண்டு போடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டதும் அம்மா அடையாள அட்டைகளும் நகையும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு தங்கையோடு முதலில் இறங்குவாள். பிறகு மாமி, பெட்டைகள், நான். கடைசியில் மாமா. சின்னப் பிள்ளைகளைப் பின்வாசலுக்குக் கிட்டத்தான் இருத்துவார். அது முதலாம் வகுப்புப் பெட்டி என்பார். கைவிளக்கைக் கொளுத்தி, கண்ணாடியைப் பச்சைக்குத் திருப்பி, காங்கேசன்துறையில் இருந்து தொடங்குவார். ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பெயர் சொல்லுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. சுன்னாகத்தில் வாழைக்குலை ஏற்றுவார்கள். சாவகச்சேரியில் மாம்பழம் வரும், ஜன்னலை மூடாதே. பளையில் ஒரு நாய் கோச்சியோடு போட்டிக்கு ஓடும்.

ஒரு மூலையில் அம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருப்பாள். மறுமூலையில் மாமா ஸ்டேஷன் சொல்லிக்கொண்டிருப்பார்.

“ஒரு பக்கத்தாலை மாதா, மற்றப் பக்கத்தாலை கோச்சி” என்பாள் மாமி. “ஆர் முதல் வந்து எங்களை ஏத்துகினமோ தெரியேல்லை.”

குண்டு விழுந்து கூரையில் இருந்து மண் உதிரும்போது மாமா, “லைன் கொஞ்சம் பழுது, இறுக்கிப் பிடியுங்கோ” என்பார். பொம்மர் போன பிறகு நாங்கள் ஒருவரையொருவர் கேட்பது, இன்றைக்கு எதுவரை போனோம் என்பதுதான். சில நாள் கிளிநொச்சி. மோசமான நாளில் வவுனியாவும் தாண்டிவிடும். கொழும்பு வரை ஒருநாளாவது போக வேண்டும் என்பது என்னுடைய ஆசை. அதற்கு எத்தனை குண்டு விழ வேண்டும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

ஒரு நாள் மாமா வெளியே போயிருந்தபோது அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். காக்கிச் சட்டைகளுக்குக் கீழே கோச்சி நேரங்கள் போட்ட பழைய நேரசூசிப் புத்தகம் ஒன்று இருந்தது. ஸ்டேஷன்களின் பெயர்கள் வரிசையாக அச்சடித்திருந்தன. வகுப்பில் வாசிப்பில் நான் முதலாவது ஆள். அதைத் தவிர வேறெதிலும் முதலாவதாக வந்ததில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தபோது கண்டுபிடித்துவிட்டேன். மாமா ஒரு ஸ்டேஷனைச் சொல்வதே இல்லை. அவ்வளவு பெயர்களும் சரி, இதை மட்டும் ஒவ்வொரு முறையும் தாண்டிவிடுகிறார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ரயில்வேயில் வேலை செய்த பெரிய மனிதருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பங்கருக்குள் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். பொம்மர் இன்னும் வரவில்லையே என்று அந்த ஊரில் காத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் வந்தது. இறங்கினோம். மாமா விளக்கைப் பச்சைக்குத் திருப்பித் தொடங்கினார். அந்த இடம் வந்ததும் வழக்கம்போலத் தாண்டினார்.

“மாமா, ஒரு ஸ்டேஷனை விட்டிட்டியள்” என்றேன். பிறகு அந்தப் பெயரை, வகுப்பில் வாசிப்பதைப் போல உரத்துச் சொன்னேன்.

அம்மாவின் செபம் பாதியில் நின்றது. மாமி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். மாமா கோபிக்கவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு, “ஓம் தம்பி. மறந்துபோனன்” என்றார். எங்கள் கோச்சி அன்றைக்கு நடுவழியில் நின்றது. வெளியே குண்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

மேலே வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்தாள். “இனி அந்தப் பேரை உன்ரை வாயாலை சொல்லக்கூடாது.” ஏனென்று கேட்டேன். “சொல்லாதை எண்டால் சொல்லாதை.”

அடுத்த முறை பொம்மர் வந்தபோது மாமா இறங்கவில்லை. விளக்கை என் கையில் தந்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் போய் இருந்தார். அதற்கு அடுத்த முறையும் இறங்கவில்லை. அம்மா உள்ளே இருந்து, “அண்ணை, வாங்கோ” என்று கத்துவாள். “வாறன், வாறன்” என்று பதில் வரும். ஆள் வராது. பொம்மர் போய் நாங்கள் மேலே வரும்போது அவர் அதே இடத்தில், அதே மாதிரி இருப்பார். சட்டையில் மண் படிந்திருக்கும்.

மூன்றாம் முறை மிகக் கிட்டத்தில் விழுந்தது. கூரைக் கட்டைகள் முனகின. அம்மா தங்கையை மாமியின் மடியில் போட்டுவிட்டுப் படியேறினாள். அவள் மேலே போய் மாமாவின் கையைப் பிடித்து இழுப்பதும், மாமா அசையாததும் குரல்களில் தெரிந்தது.

“நீ போ. உன்ரை பிள்ளையளைப் பார்.”

“நீங்கள் வராட்டி நானும் போகேல்லை. இதிலையே இருக்கிறன்.”

பொம்மர் திரும்பி வரும் சத்தம் கேட்டது. தங்கை அம்மா அம்மா என்று அழத் தொடங்கினாள். மாமி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. இதெல்லாம் உன்னாலே என்று அது சொன்னது. அல்லது எனக்கு அப்படிப் பட்டது.

நான் விளக்கைப் பச்சைக்குத் திருப்பினேன். காங்கேசன்துறை என்று கத்தினேன். இயல்பில் நான் உரத்துப் பேசாத பிள்ளை. அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்தது, அடுத்தது, வாழைக்குலை, மாம்பழம், நாய், எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இடம் வந்தது. பெயர் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு அடுத்த ஸ்டேஷனைச் சொன்னேன்.

படியில் முதலில் அம்மாவின் கால் தெரிந்தது. பின்னால் மாமாவின் கால்கள். அவர் தன் இடத்தில் வந்து இருந்து, மூச்சு வாங்கிய பிறகு சொன்னார்.

“கோச்சியின்ரை கார்ட் இன்னும் வடிவாச் சொல்லவேணும். பின்பெட்டியிலை இருக்கிறவைக்குக் கேக்கேல்லை.”

அன்றைக்கு நாங்கள் மதவாச்சி வரை போனோம். அதற்குப் பிறகு மாமா இறங்காமல் இருந்ததில்லை. நான் அதை எப்படி விளங்கிக்கொண்டேன் என்றால், மாமா தன் பிழையைப் பிடித்ததற்காகக் கோபித்துக்கொண்டிருந்தார், நான் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தேன், அதனால் வந்தார் என்று. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

மாமா ஊரிலேயே நோய் வந்து காலமானார். தண்டவாளம் திரும்பப் போட்டதை அவர் காணவில்லை. அம்மா இங்கே ரொக்ஸ்பரோவில் என்னோடு வந்து இருந்த காலத்தில், ஒரு பின்னேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நான் கேட்காமலே சொன்னாள். அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்து ரயில்வே வீட்டில்தான் மாமா குடும்பமாக இருந்தார். மாமாவின் மனைவியும், என்னைவிட ஒரு வயது குறைந்த ஒரு மகளும். மனைவிக்குச் சுகமில்லை, மகள் மனைவியின் ஆட்களோடு இருக்கிறாள் என்று எங்களுக்கு அப்போது சொல்லியிருந்தார்கள்.

“அண்ணை வெட்டின பங்கர்தான்” என்றாள் அம்மா. “ஒரு வாசல். அந்த வாசலிலைதான் குண்டு விழுந்தது. அண்ணை அண்டைக்கு லைனிலை.”

கையில் இருந்த கீரையைக் கீழே வைத்தாள். பிறகு திரும்ப எடுத்து ஆய்ந்தாள்.

இதில் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. ஸ்டேஷன்களின் வரிசையையும் முழுதாக எழுதவில்லை. எழுதினால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும்.

சுரங்கத்தில் வழிகாட்டிப் பெண் இரும்புக் கதவின் காரணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கினாள். ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கத்தால் வெளியேற. பிள்ளைகள் தலையாட்டினார்கள். பிறகு, அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுவதற்காக ஒரு நிமிடம் விளக்குகளை அணைக்கப்போவதாகச் சொன்னாள். அணைத்தாள். யாரோ ஒரு பிள்ளை கிக்கிக்கென்று சிரித்து நிறுத்தியது. இருட்டுக்குள் சின்னக் கை ஒன்று வந்து என் விரல்களைத் தேடிப் பிடித்தது. பஸ்ஸில் என்னைப் பின் சீட்டுக்கு அனுப்பியவளின் கைதான்.

“அப்பா, கோச்சி சொல்லுங்கோ” என்றாள் மெதுவாக.

அவள் குழந்தையாக இருந்தபோது நித்திரையாக்குவதற்கு நான் சொன்னது அது. வேறு பாட்டு எனக்குத் தெரியாது. அதன் கதை எதையும் அவளுக்குச் சொன்னதில்லை. குனிந்து அவள் காதுக்குள் காங்கேசன்துறை என்று தொடங்கினேன். இரண்டாவது ஸ்டேஷனில் அவளும் சேர்ந்துகொண்டாள். தமிழில் ஒரு வசனம் முழுதாக எழுதத் தடுமாறுகிறவள், இந்தப் பெயர்களை மட்டும் ஒன்றும் பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த இடம் வந்தது. அவள் நிற்காமல் கடந்து போனாள். அங்கே ஒரு ஸ்டேஷன் இருந்தது அவளுக்குத் தெரியாது. பத்து வயதில் எனக்கும் தெரிந்திருந்தது அதன் பெயர் மட்டும்தான்.