ஊருக்கு ஒரே அடுப்பு

எங்கள் வட்டாரம் வரைபடத்தில் பெரிய இடம். நடுவில் மலை. மலைக்குக் கிழக்கே ஆறு, வயல், டவுன், ஆஸ்பத்திரி, கல்லூரி, ஆபீசுகள். மேற்கே வெறும் கல் என்று கிழக்கே இருப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் நடக்கிற ரோடும் அவர்கள் வீட்டு அஸ்திவாரமும் அந்தக் கல்தான். அதை உடைக்கிற ஆட்கள் மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

கணவாயைத் தாண்டினால் கல் குவாரி. குவாரியை ஒட்டி நாற்பதுக்குக் கொஞ்சம் கூடுதலான வீடுகள். அங்கேதான் பெரியடுப்பு என்று ஊரே கூப்பிடுகிற அம்மா இருக்கிறார். பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்தார்கள், அது ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மட்டும் வெளியே வரும்.

கல்யாணமாகி வந்த மறுவாரமே, கல்லை ஜல்லியாக நொறுக்கும் கிரஷரில் கல் சுமக்கப் போனவர். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவருக்குத் தொண்டை அப்படி ஆகிவிட்டது. ரகசியம் சொன்னால்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கும். குவாரிக் கம்பெனி கேட்டைப் பூட்டி, தொழிலாளர் சங்கத்தைக் கலைத்தால்தான் திறப்பேன் என்று வீம்பு பிடித்த மழைக்காலத்தில், வீட்டுக்கு வீடு அடுப்பு அணைந்தது. அப்போது பெரியடுப்புதான் எழுந்தார். உன் வீட்டில் இருக்கிற அரிசி, அவள் வீட்டுப் பருப்பு, இவன் வீட்டு விறகு, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டார். கிரஷரின் பழைய இரும்பை வெட்டி, குவாரி வெல்டர் ஒரு பெரிய அடுப்பு செய்து கொடுத்தார். கம்பெனி இறங்கி வந்தது. கேட் திறந்தது.

அதற்குப் பிறகு ஆம்பிளைகள் பழையபடி அவரவர் வீட்டில் சமைக்கலாம் என்றார்கள். 'சமைக்கலாம்' என்றால் யார் சமைப்பது? பெரியடுப்பு ஒரே கேள்வி கேட்டார்.

"பகல் பூரா கல்லு தூக்கிட்டு வந்து, எவ இன்னொரு ஷிப்டு அடுப்படியில நிக்கறது? நீ நிக்கிறியா?"

யாரும் நிற்கத் தயாரில்லை. பொது அடுப்பு நிலைத்தது. கிரஷரை விட்டு அவரை அடுப்புக்கு வைத்துக்கொண்டார்கள். வீட்டு அடுப்புகளில் கோழி முட்டையிட்டது. அப்போது பால் குடித்த அவருடைய மகள் இப்போது டவுனில் நர்சிங் கடைசி வருஷம்.

போன வருஷம் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க ஒரு பெண் வந்தாள். உச்சி வெயில். ஊரே குவாரியில். தட்டிய கதவெல்லாம் பூட்டு. சமையல் கொட்டகையில் மட்டும் புகை.

"அக்கா, இங்க எத்தன அடுப்பு?"

பெரியடுப்பு கரண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஒரே அடுப்புதான் பாப்பா. ஊருக்கே ஒண்ணு! எங்க மாதிரி எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

"எல்லாரும் இதுலதான் சாப்பிடுவாங்களா?"

"பின்ன? நீயும் ஒக்காரு. முகமே வாடிக் கெடக்கு."

அந்தப் பெண் உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், கையில் இருந்த போனில் தட்டினாள், போனாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்: ஒரு அடுப்பில் சாப்பிட்டால் ஒரு குடும்பம். நாற்பது வீட்டை ஒரே குடும்பமாகப் போட முடியாது. ஆகவே பூட்டிய வீடெல்லாம் ஆளில்லாத வீடு. அடுப்பு, குவாரி முகாமின் சமையல்கூடம். சாப்பிடுகிறவர்கள் தற்காலிகமாகத் தங்கியவர்கள். பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்து, அப்புறமும் தற்காலிகம்! மிச்சம் ஒரே ஒரு குடும்பம். அடுப்புப் பக்கத்தில் நின்ற பெரியடுப்பு குடும்பம்.

விஷயம் பஸ்ஸில்தான் தெரிந்தது.

"இனிமே கணவாய்த் திருப்பத்தோட சரி, அந்தப் பக்கம் வராது," என்றார் கண்டக்டர்.

"ஏன் தம்பி, ரோடு உடைஞ்சிருச்சா?" என்றார் பெரியடுப்பு.

"ரோடு இருக்கு. ஆள் இல்லியாம்."

"யாரு சொன்னா?"

"மேல சொல்றாங்க. இருக்கறது ஒரே ஒரு வீடாம்க்கா. ஒரு வீட்டுக்கு ஒரு பஸ்ஸா?"

திருப்பத்தில் இறங்கினால் அங்கிருந்து லாரி ரோடு. கல் லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோடு. ஓரத்தில் கால் வைக்க இடம் கிடையாது. மகள் ஒரு மணி நேரம் நடந்து, கல் தூசியில் தலை வெளுத்து, திருப்பத்தில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வார்டில் வருகைப்பதிவு எடுத்து முடித்திருப்பார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்றார்கள். ஹாஸ்டல் கேட்டாள். ஆளிருக்கிற ஊர்க்காரர்களுக்குத்தான் ஹாஸ்டல் என்றார்கள்.

"உன் வாயாலதாம்மா பஸ் போச்சு," என்றாள் மகள். "எத்தனன்னு கேட்டா நாப்பதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"இல்லாத அடுப்ப எப்படிடீ இருக்குன்னு சொல்வேன்?"

"அப்ப நான் வீட்லயே இருக்கேன். வா, ரெண்டு பேருமா ஊருக்கே பொங்கிப் போடலாம்."

அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வெல்டர் தட்டைத் தூக்கிக்கொண்டு, "என்னக்கா, ஒரே குடும்பம்னு சொன்னியாமே. அப்ப சொத்துல எனக்கும் பங்கு உண்டா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியடுப்பு சிரிக்கவில்லை.

மறுநாள் அவரும் வெல்டரும் டவுன் ஆபீசுக்குப் போனார்கள். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் சுவர் நிறைய வட்டார வரைபடம். ஜனம் கூடின இடம் கருஞ்சிவப்பு, குறைந்த இடம் ரோஸ். மலைக்கு மேற்கே வெள்ளை.

"பாருங்கம்மா," என்று பேனாவால் தட்டினார் அதிகாரி. "உங்க பக்கம் அடர்த்தியே இல்ல."

"அடர்த்தி பால்ல பாப்பாங்க சார். நாங்க மனுஷங்க. அந்த வெள்ளையில நாப்பது வீட்டுக்கு மேல இருக்கு."

"பூட்டின வீடுங்க."

"வேலைக்குப் போனா பூட்டாம? நீங்க உங்க வீட்டத் தொறந்து போட்டுட்டா வந்தீங்க?"

அதிகாரி பேனாவை மூடினார். கெட்ட மனுஷன் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். கெட்டவனோடு சண்டை போடலாம், சட்டத்தைக் காட்டிப் பரிதாபப்படுகிறவனை என்ன செய்வது? "ஒரு வழி இருக்கு," என்றார். "வீட்டுக்கு வீடு தனியா சமைங்க. நாங்க வந்து பாத்துட்டு மாத்திக்கறோம். அந்தப் பொது அடுப்ப மட்டும் எடுத்துருங்க."

கம்பெனி கேட்டைப் பூட்டியும் அணைக்க முடியாத அடுப்பு. அதை இந்த ஆள் நாற்காலியில் சாய்ந்தபடியே அணைக்கப் பார்த்தார்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு நாளைக்கு நடிச்சிட்டுப் போவோம், அப்புறம் பழையபடி வெச்சுக்கலாம் என்றார்கள் பாதிப் பேர். பெரியடுப்பு கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாரும் ஓய்ந்ததும் சொன்னார்.

"நடிக்கறது இருக்கட்டும். ஒருநாள் அணைச்சா, வருஷா வருஷம் வந்து பாப்பான். அப்பறம் பொம்பளைங்க கதி? அடுப்ப எதுக்கு எண்ணணும்? தலைய எண்ணட்டும். அவன் வரமாட்டான்னா நாம போவோம். நாளைக்குச் சாப்பாடு டவுன்ல."

நான் வாழ்நாள் முழுக்கச் சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதியவன். இப்படி ஒரு வரி எனக்கு விழுந்ததில்லை.

காலையில் குவாரி நின்றது. கைக்குழந்தை முதல் கோல் ஊன்றுகிறவர் வரை நடந்தார்கள். அடுப்பை நாலு பேர் மூங்கிலில் கோத்துத் தூக்கினார்கள். திருப்பத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் வாயைப் பிளந்தார்.

"யாருக்கா இவ்வளவு பேரும்?"

"ஆளில்லாத ஊர்லேர்ந்து வர்றோம் தம்பி. டிக்கெட்டக் கிழி."

டிக்கெட் கிழித்துக் கிழித்து அவருக்கு விரல் வலித்தது. ஒரு பஸ்ஸில் அடங்கவில்லை. அடுத்ததும் நிறைந்தது. மிச்சம் பேர் மூன்றாவதில் வந்தார்கள்.

ஆபீஸ் வாசலில் அடுப்பு இறங்கியது. காவலாளி ஓடிவந்தார். "இங்கெல்லாம் சமைக்கக் கூடாது!"

"நாங்க தற்காலிகம்தான்ணே," என்றார் வெல்டர். "உங்க ஆபீசே சொல்லுது."

புகை மாடி ஜன்னலுக்கு ஏறியது. அதிகாரி இறங்கி வந்தார். பெரியடுப்பு அவர் கையில் தட்டைக் கொடுத்து, கிரஷர் குரலில் சொன்னார்.

"ஒரே அடுப்பு சார், மாத்திச் சொல்லல. இப்ப தலைய எண்ணுங்க. எண்ணி முடிக்கற வரைக்கும் இங்கதான் சமையல். நாளைக்கும், நாளன்னைக்கும்."

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. அதிகாரி எண்ணினார். குழந்தைகள் ஓடி ஓடி இடம் மாறியதால் இரண்டு தடவை தப்பாகி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

அடுத்த வாரம் பஸ் வந்தது. காலையில் மட்டும். மகள் அதில் ஏறிப் போனாள். சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் மேலிடத்து உத்தரவு வரவில்லையாம். அவள் திருப்பத்தில் இறங்கி, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வீட்டுக்கு நடந்துதான் வந்தாள்.

பெரியடுப்பு மறுநாள் காலையில் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் கேட்டார்.

"ஏன் தம்பி, காலையில போற புள்ள சாயங்காலம் திரும்பாதா? போன ஆளத்தான் எண்ணுவாங்களா, வர்ற ஆள எண்ணமாட்டாங்களா?"

"என்னக் கேட்டா எப்படிக்கா? ஆபீஸ்ல கேளுங்க."

"கேக்கறேன்," என்று காலை எடுத்தார். "திங்கக்கெழம மூணு பஸ்ஸையும் காலியா வெச்சிரு. அந்த மூங்கில் இன்னும் அடுப்புலதான் கோத்திருக்கு."