சலேகா ஆயில்

எங்கள் தீவில் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான்: சலேகா. தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் கலந்து பேசும் இந்தியில் அதற்கு ‘ஒப்பேற்றிக்கொள்ளலாம்’ என்றும் பொருள், ‘ஓடும்’ என்றும் பொருள். இரண்டில் எது என்று சொல்கிறவர் சொல்ல மாட்டார். பொருள் பாழான பிறகு நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

என் ஹைபிரிட் காருக்குக் கியர் ஆயில் மாற்றும் வேளை வந்தபோது அந்த வார்த்தைமேல் எனக்கு ஜென்மப் பகை உண்டாயிற்று. மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் கராச்சர்மாவில் பஸ் ஏற அவளால் முடியாது. பெரார்கஞ்சில் இருக்கும் அவள் அக்காவைப் பார்க்கக் கார்தான் வழி. கியர்பாக்ஸ் போனால் வேறு ஒன்று மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதுவரை அக்கா போனில்தான்.

இந்தக் காரில் கியர்பாக்ஸுக்குள்ளேயே மின்மோட்டார் இருக்கிறது, அதே ஆயிலில் முங்கிக்கொண்டு. ஆயில் தப்பானால் மோட்டாரும் போச்சு. கம்பெனி சொன்னதைத் தவிர வேறு ஊற்றாதே என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் ராமநாதபுரத்துக்காரர். கையேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“செவப்பா இருக்கணும், அம்புட்டுத்தானேண்ணே? இந்தாங்க, லால்வாலா. சலேகா.”

“ஹைபிரிட் வண்டிங்க.”

“அதுக்கும் சலேகா.”

சிவப்பாக இருந்தால் போதுமென்றால் ரோஸ்மில்க் ஊற்றிவிடலாமே என்றேன். அவர் சற்று யோசித்தார். அந்த யோசனைதான் என்னைக் கலங்கடித்தது. இருந்தும் அந்த டப்பாவை வாங்கித் தொலைத்தேன்.

வங்காளி மெக்கானிக் அதைத் திறந்து மோந்து பார்த்தார், இரண்டு விரலுக்கிடையே தேய்த்தார், பேன்டில் துடைத்துக்கொண்டார். பரிசோதனை முடிந்தது. “சலேகா, தாதா.” அவர் பாஷையில் நான் அண்ணன். கப்பல் ஆபீசில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரோ, கப்பலுக்கே இதுதான் ஊற்றுகிறார்கள் என்றார். கப்பல் கிளம்பும் நாள் என்று அவர் சொன்னது ஒருமுறையும் பலித்ததில்லை.

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. சரியான ஆயிலைச் சென்னையிலிருந்து வரவழைக்கிறேன், அதுவரை வண்டியைத் தொட மாட்டேன் என்று உறை போட்டு மூடினேன். கடல் சரியில்லை என்று கப்பல் தள்ளித் தள்ளிப் போயிற்று.

“உங்க எண்ணெ வர்றதுக்குள்ள என் காலே சரியாயிரும் போல” என்றாள் மனைவி. அவள் அழுகிற மாதிரி இருந்ததை நான் கவனிக்காதது போல் இருந்தேன்.

கடைசியில் ஆயில் வந்தது. வெள்ளைக் காகிதத்தில் கடை ஆயில் ஒரு சொட்டு, சென்னை ஆயில் ஒரு சொட்டு வைத்தேன். இரண்டும் ஒரே சிவப்பு. மெக்கானிக் காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “சென்னையையே ஊத்துங்க” என்று கத்தினேன், தமிழிலேயே. ஊற்றினார்.

மறுநாளே பெரார்கஞ்ச் கிளம்பினோம். கடலைத் தாண்டிப் பாம்பூஃப்ளாட் போக சாத்தம் ஜெட்டியில் கார் ஏற்றும் ஃபெர்ரிக்கு வரிசையில் நின்றோம். பேட்டரியில் நின்ற வண்டியில் சத்தமே இல்லை. ஃபெர்ரிக்காரர் பானெட்டைத் தட்டினார். “ஸ்டார்ட் கரோ!”

“ஸ்டார்ட்லதான்யா இருக்கு!”

பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அவர் சந்தேகமாகக் குனிந்தார். “சலேகா?”

நான் கையேட்டில் படித்ததையெல்லாம் விளக்க வாயெடுப்பதற்குள் பின்சீட்டிலிருந்து மனைவி கத்தினாள்: “சலேகா, சலேகா!”

எனக்கு வந்த கோபத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வண்டி பூனை மாதிரி ஏறிவிட்டது.

பெரார்கஞ்சில் அக்கா வாசலுக்கே ஓடிவந்தார். “கால் எப்பிடிடீ இருக்கு?”

“சலேகா” என்றாள்.

அந்த வார்த்தைக்கு ‘நடக்கும்’ என்றும் ஒரு பொருள் உண்டு. இல்லை, ஒப்பேற்றிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாளோ, தெரியவில்லை. என் கையை விட்டுவிட்டுப் படியில் கால் வைத்தாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.